பள்ளத்துல வீடு, பவுசு மட்டும் மேட்டுல

மருமவனே, நீ கொண்டாந்து குடுத்த அந்த வழவழப்பான தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஆத்தோரம் வரிசை வீடு, முன்னால காடி நிறுத்த இடம், பின்னால இயற்கைக் காட்சி. படத்துல ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புல்லுல உக்காந்து சிரிக்குது. தெலுக் இந்தான்ல அப்படி ஒரு குடும்பத்தை நான் பாத்ததே இல்ல. அந்தப் பச்சையில புல்லும் இங்க மொளைக்கறதில்ல. சரி, போகட்டும். முன்பணம் இன்னும் கட்டலன்னு உங்கம்மா சொன்னா. அதனாலதான் வாயைத் தொறக்கறேன். கட்டியிருந்தா வாழ்த்துச் சொல்லி, பசியாறிட்டுப் போன்னு அனுப்பியிருப்பேன்.

நீ படிச்ச பிள்ளை. வட்டிக் கணக்கெல்லாம் விரல் நுனியில வெச்சிருக்க. சமையலறை ஓட்டுக்கு எத்தனை நிறம்னுகூடச் சொல்ற. இந்த ஊரு எப்படிப் பொறந்துச்சுன்னு கேட்டா மட்டும் போனைத் தடவற. போனை வையி, நான் சொல்றேன்.

நூத்தம்பது வருஷம் முன்னால இது டுரியான் செபாத்தாங்னு ஒரு ஆத்தங்கரைக் கம்பம். பேராக் ஆறு இங்க வந்து பெரிசா ஒரு வளையம் போடுது. பீடோர் ஆறும் பக்கத்துலயே வந்து சேருது. கடல் ஏத்தம் இது வரைக்கும் ஏறி வரும். மேலேர்ந்து வர்ற தண்ணிக்கும் கீழேர்ந்து ஏறுற தண்ணிக்கும் நடுவுலதான் ஊரு. இது தெரிஞ்ச மலாய்க்காரப் பெரியவங்க வீட்டைத் தரையில வெக்கல, கட்டைக் காலு மேல வெச்சாங்க. தண்ணி வந்தா அடியால போகட்டும், படகைப் படிக்கட்டுல கட்டிக்கலாம்னு ஏற்பாடு. அவங்களுக்கு ஆர்கிடெக்டும் இல்ல, ஷோரூமும் இல்ல. ஆனா படுக்கிற பாய் நனையல.

அப்புறம் 1882ல வெள்ளைக்காரன் டவுன் போட்டான். பினாங்குல லெப்டினன்ட் கவர்னரா இருந்த சர் ஆர்ச்சிபால்ட் ஆன்சன்தான் படம் வரைஞ்சதுன்னு சொல்றாங்க. ஆறு வளைஞ்சு ஓடுது, அவரு ரோட்டை மட்டும் நேரா இழுத்தாரு. ஊருக்கும் அவர் பேரையே வெச்சுத் தெலுக் ஆன்சன் ஆக்கினாங்க. அவரு குடியிருந்ததோ பினாங்குல. நூறு வருஷம் கழிச்சு, 1982ல, சுல்தான் அந்தப் பேரை எடுத்துட்டுத் தெலுக் இந்தான்னு வெச்சாரு. ஆறு அந்தக் கடுதாசியையும் படிக்கல, இந்தக் கடுதாசியையும் படிக்கல. முதல் புத்தியை இங்கயே வாங்கிக்கோ: படம் வரையறவன் அந்தப் படத்துக்குள்ள குடியிருக்கானான்னு கேளு. உன் தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கற கட்டடக்காரன் வீடு ஈப்போவுல எந்த மேட்டுல இருக்குன்னு விசாரிச்சுட்டு வா. பள்ளத்துல இருந்தா நானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடறேன்.

சுத்திலும் தண்ணி இருக்கற இந்த ஊருல, பேரு வாங்கின கட்டடம் எது? தண்ணித் தொட்டி! 1885ல லியோங் சூன் சோங்னு ஒரு சீனக் காண்ட்ராக்டர் கட்டின கோபுரம், 25.5 மீட்டர் உயரம். வெளிய நின்னு பாத்தா எட்டு மாடி, உள்ள ஏறிப் பாத்தா மூணே மாடி. நம்ம சொந்தத்துலயும் அப்படிச் சில பேரு உண்டு, பேரு வேணாம். தீப்பிடிச்சா அணைக்கணும், வறட்சி வந்தா குடிக்கணும்னு உச்சியில தண்ணியைத் தேக்கினாங்க. அடியில சேத்து மண்ணு. கனம் தாங்காம கோபுரம் சாஞ்சுது, இன்னைக்கும் சாஞ்சேதான் நிக்குது. நாமளும் விடல, அந்தச் சாய்வையே காட்டி டூரிஸ்ட்டுக்கு ஐஸ் கச்சாங் விக்கறோம். ரெண்டாம் புத்தி: இந்த ஊர் மண்ணு என்ன தாங்கும்னு தெரிஞ்சுக்க மண்ணைச் சோதிச்ச ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கு. குடுக்க மாட்டேன்னு இழுத்தா, அந்தச் சாஞ்ச கோபுரத்தடியில போய் அஞ்சு நிமிஷம் அண்ணாந்து பாத்துட்டு வீட்டுக்கு வந்துடு.

தண்ணி ஏன் வருதுன்னு ஜோசியக்காரன்கிட்ட கேக்காத. ஆத்தோட மேல போய்ப் பாரு. ஈப்போவுக்குப் போற வழியெல்லாம் வெள்ளை மணலும் பச்சைக் குட்டையுமா கெடக்கே, அதெல்லாம் ஈயலம்பம் விட்டுப்போன சொத்து. பெரிய குழாயில தண்ணியைப் பீச்சி மலைச்சரிவைக் கரைப்பாங்க. கரைஞ்ச சேத்தைப் பாலோங்குங்கற பலகை வாய்க்கால்ல ஓட விட்டு ஈயத்தை மட்டும் வழிச்சுக்குவாங்க. மிச்ச மணலு ஆத்துக்கு. அப்புறம் டிரெட்ஜு வந்துச்சு. தஞ்சோங் துவாலாங் ரோட்டுல இன்னும் ஒண்ணு நிக்குது, 1938ல செஞ்சது, 4,500 டன் எடை. போய்ப் பாரு, டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போகணும். ஈயம் கப்பலேறிச்சு. லாபம் தவுக்கே வீட்டுக்கும் லண்டன் கம்பெனிக்கும் போச்சு. மணலு மட்டும் கிந்தா ஆத்தோட எறங்கி நம்ம பக்கம் வந்துச்சு. பாகப்பிரிவினையில யாருக்கு எது வந்துச்சு பாத்தியா? ஆத்தோட அடி ஏறினா தண்ணி கரை தாண்டும். இதுக்கு யுனிவர்சிட்டி போக வேண்டியதில்ல.

சிலாங்கூர்ல கோலகுபுன்னு ஒரு ஊரு. 1883ல அணை ஒடைஞ்சு ஊரையே அடிச்சுது. அதுக்குப் பெறகும் மேல ஈயம் தோண்டின மணலு ஆத்தை மேவிக்கிட்டே வந்துச்சு, வெள்ளமும் விடல. கடைசியில அரசாங்கமே, போதும்டா சாமின்னு ஊரைத் தூக்கி மேட்டுல வெச்சுது. அதுதான் இப்ப இருக்கற கோலகுபு பாரு. நம்ம ஊரையும் தூக்கி வெக்கலாம்தான். பக்கத்துல மேடுன்னு ஒண்ணு இருந்தாத்தானே?

உடனே தவுக்கேயை மட்டும் திட்டாத, நம்ம கையும் அதுல இருக்கு. 1877ல கோலகங்சார்ல ஒம்பது ரப்பர் கன்னு நட்டாங்க. ஹியூ லோ துரை ரெசிடெண்டா வந்த வருஷம். அதுல ஒரு மரம் இன்னும் நிக்குது, வேலி போட்டுக் காப்பாத்தறாங்க. அந்த ஒம்பது கன்னுக்குப் பின்னால பேராக்ல காடு காடா அழிச்சுக் கித்தா போட்டாங்க. அந்தக் காலத்துத் துரைமாருக்கு மரத்தடியில ஒரு புல்லு நின்னா ஆகாது. தரை பளிச்சுன்னு இருந்தாத்தான் தோட்டம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம். விடியக்காலம் பெரட்டுல பேரு கூப்பிட்டு, நம்ம பொம்பளைங்க கையில கொத்தைக் குடுத்து, வரிசையா நிறுத்திச் சுரண்ட விட்டாங்க. எங்க அப்பாயி சுரண்டினதுல ஒரு புல்லு தப்பினதில்லன்னு மண்டோரே சொல்வாராம். மழை பேஞ்சா, பிடிக்க வேரு இல்லாத மண்ணு நேரா ஆத்துக்குப் போகும். துரைமாருக்கு ஞானம் வந்து மரத்தடியில கொடிப் பயிரு போட்டு மூடறதுக்குள்ள மேல்மண்ணு போயே போச்சு. மண்ணைச் சுரண்டினதும் நாம, அந்த மண்ணு அடைச்ச ஆத்துல முங்கினதும் நாம. முதல் வேலைக்கு மட்டும் கூலி உண்டு.

1926 கடைசியில வந்துச்சு பாரு பெரிய வெள்ளம். பேராக், பகாங், கிளந்தான், திரெங்கானுன்னு ஒரு பக்கமும் பாக்கி வெக்கல, ரயில் ஓட்டமே நின்னுபோச்சு. அது வடிஞ்ச பெறகு, 1932ல, வடிகால் நீர்ப்பாசனத்துக்குன்னு அரசாங்கம் தனித் துறையே தொடங்கிச்சு. சட்டி பானை கழுவி அஞ்சு வருஷம் ஆன பெறகு. குத்தம் சொல்லல, தொடங்கினாங்கல்ல?

1967ல மறுபடி. பேராக் ஆத்துப் படுகையில மட்டும் 280,000 பேருக்குப் பாதிப்புன்னு கணக்கு எழுதினாங்க. அந்தக் கணக்குல உன் மாமனும் ஒரு ஆளு. அப்ப நான் தாப்பா பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தேன். லயத்துத் தகரத்து மேல நான், உங்கம்மா, நாலு கோழி, ஒரு அடுத்தவீட்டு ஆடு. அப்ப உங்கம்மா சின்னப்பிள்ள, ஆட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. தூரத்துல பாத்தா துரை பங்களாவுல விளக்கு எரியுது. மேட்டுல இருந்துச்சு பங்களா. அங்க தண்ணி ஏறணும்னா நோவா காலத்து மழை வேணும். தோட்டத்துக்குப் படம் வரைஞ்சப்ப மேடு எது, பள்ளம் எதுன்னு தெரியாமலா வரைஞ்சாங்க? தெரிஞ்சுதான் மேட்டுல பங்களா, பள்ளத்துல லயம்.

மூணாம் புத்தி அதுதான்: பணமும் படிப்பும் இருந்தவன் எங்க கட்டினான்னு பாரு. பத்து காஜாவுல வெள்ளைக்கார அதிகாரிங்க வீடெல்லாம் சங்காட் மேட்டு மேல. கோலகங்சார்ல சுல்தானோட இஸ்கந்தாரியா அரண்மனை 1933ல கட்டி முடிச்சாங்க, எங்க? புக்கிட் சந்தான் மேல. ஆத்தைப் பாக்கணும், ஆனா ஆறு நம்மளை வந்து பாக்கக் கூடாது. அந்த வித்தை அரண்மனைக்குத் தெரிஞ்சிருக்கு. கெல்லி துரையை எடுத்துக்கோ. ஸ்காட்லாந்துக்காரரு, வில்லியம் கெல்லி ஸ்மித். பத்து காஜா பக்கத்துல குன்னு மேல மாளிகை எழுப்பினாரு. வேலை செஞ்ச நம்ம ஆளுங்கள்ல பல பேரு ஸ்பானிஷ் காய்ச்சல்ல போயிட்டாங்க. அவரும் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் குடுத்தாரு. கூரையில சாமிங்க நடுவுல கோட்டுப் போட்ட துரை சிலையும் நிக்குது. மாளிகை முடியறதுக்குள்ள 1926ல லிஸ்பன்ல காலமாயிட்டாரு. அவரு முடிக்காத வீட்டுல கூடத் தண்ணி ஏறல. கட்டி முடிச்ச வீட்டை நீ எங்க வாங்கப் பாக்கற?

மேடே இல்லாத ஊருல என்ன செய்யறதுன்னு கேப்ப. நல்ல கேள்வி. அதுக்கும் ஒருத்தர் வழி காட்டினாரு, டென்மார்க்லேர்ந்து வந்து. ஆகே வெஸ்டென்ஹோல்ஸ்னு ஒரு என்ஜினியர். 1906ல இங்க ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனியைத் தொடங்கினாரு. கடலோரச் சதுப்புல தோட்டம் போடறவங்க என்ன செய்வாங்கன்னா, சுத்திலும் கரை எழுப்புவாங்க, குறுக்கும் நெடுக்கும் கால்வாய் வெட்டுவாங்க, கடைசியில ஒரு தண்ணிக் கதவு வெப்பாங்க. வெளிய கடல் ஏறினா கதவு சாத்திக்கும். கடல் வத்தினா உள்தண்ணி தள்ளித் தொறந்துக்கும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனா அதுல ரெண்டு சங்கதி இருக்கு.

ஒண்ணு, கதவு சாத்தியிருக்கறப்ப மழை கொட்டினா உள்தண்ணிக்குப் போக்கிடம் இல்ல. அமாவாசை, பௌர்ணமியில கடல் ஏத்தம் ரொம்ப அதிகம். அந்த ராத்திரி மேல கிந்தாவுலயும் பீடோர்லயும் மானம் பொத்துக்கிச்சுன்னா விடிஞ்சதும் செருப்பு மிதக்கும். இன்னொண்ணு, இலையும் தழையும் மக்கி உண்டான சதுப்பு மண்ணுல தண்ணியை வடிச்சா மண்ணே சுருங்கி எறங்கும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிக்கிட்டே போகும். நீ முப்பது வருஷத்துக்குக் கடன் வாங்கற, மருமவனே. கடன் கொறையக் கொறைய வீடும் கொறைஞ்சா பாங்குக்காரனுக்கு அது கவலை இல்ல.

தோட்டத்துக் கதவையும் கரையையும் கம்பெனி தன் காசு போட்டு நாளும் பாத்துக்கிச்சு. பாக்கலன்னா பயிரு போயிடும், பங்குக்காரன் சட்டையைப் பிடிப்பான். உன் தாமான்ல அதை யாரு பாக்கறது? கட்டடக்காரன் சாவியைக் குடுத்துட்டுப் போயிடுவான். நகராண்மைக் கழகத்துக்குக் கடுதாசி போட்டா பதில் வர்றதுக்குள்ள அடுத்த மழை வந்துடும். மிச்சம் நீங்கதான். மாசம் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டுக் கால்வாய் தூர் வாரணும்னு கூட்டம் போடுவீங்க. மேல் வரிசைக்காரன், எனக்குத் தண்ணி வரலையேன்னு காசு குடுக்க மாட்டான். நாலாம் புத்தி: கால்வாய்க்கு யாரு பொறுப்புன்னு எழுத்துல வாங்கு.

இப்பல்லாம் அணைக்கட்டு இருக்கே மாமான்னு சொல்லுவ. இருக்கு. செண்டெரோ அணை 1930லயே வந்துச்சு, ஆனா அது ஈயலம்பத்துக்கு மின்சாரம் குடுக்க வந்தது. பெறகு மேல தெமெங்கோர்ல பெரிய அணை வந்துச்சு, பேராக் ஆத்தோட கோவத்தையும் கொஞ்சம் அடக்குச்சு, மறுக்கல. ஆனா கிந்தாவும் பீடோரும் அதுக்குக் கீழல்ல வந்து சேருது? தெமெங்கோர் மதகை மூடினா தாப்பாவுல பெய்யற மழை நின்னுடுமா?

நம்ம சனம் பள்ளத்துக்கு வந்த கதையையும் சொல்லிடறேன். கித்தா வெல விழுந்துச்சு, மரத்தை வெட்டிட்டுச் செம்பனை போட்டாங்க. அப்புறம் தோட்டத்தையே துண்டு போட்டு வித்தாங்க. லயத்தைக் காலி பண்ணுன்னு சொன்னப்ப நம்ம ஆளுங்க எங்க போனாங்க? யாரும் கேக்காத நெலத்துக்கு, ஆத்தோரம், தண்டவாளத்தோரம். யாரும் ஏன் கேக்கலன்னு முதல் மழையில புரிஞ்சுது. அதெல்லாம் வேற வழி இல்லாம போனது. நீ மாசச் சம்பளக்காரன், மாசம் பொறந்தா பாங்குல பணம் விழுது. உன் பாட்டன் விதியேன்னு உக்காந்த எடத்துல நீ வரிசையில நின்னு டோக்கன் வாங்கற!

இது நம்ம ஊரு வியாதி மட்டும்னு நெனைக்காத. சென்னையில 2015 டிசம்பர்ல என்னாச்சு? வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ஏரியையும் சதுப்பையும் மேவிக் கட்டின அடுக்குமாடியில, கண்ணாடிக் கட்டடத்துல வேலை பாக்கற பிள்ளைங்க படகேறி வெளிய வந்தாங்க. டச்சுக்காரன் கதை வேற. கடலையே கரை கட்டி நிறுத்தினவன். 1995ல ஆத்து வெள்ளம் மெரட்டி ரெண்டரை லட்சம் பேரை வீட்டை விட்டுக் கெளப்பின பெறகு, இனிமே கரையை ஒசத்திக்கிட்டே போய் புண்ணியமில்லன்னு, சில எடத்துல கரையைப் பின்னால தள்ளி வெச்சு ஆத்துக்கே நெலத்தைத் திருப்பிக் குடுத்தான். தண்ணி வித்தையில பி.எச்டி வாங்கினவன் பின்வாங்கறான். நீ முன்பணம் கட்டப் போற.

சரி, நான் சொல்லியும் கேக்க மாட்ட. உன் வீட்டுக்காரி அந்தச் சமையலறைப் படத்தைப் பாத்துட்டா, அதுக்கு மேல சரித்திரம் எடுபடாது. அதனால இதையாவது செய். அந்த எடத்துக்கு வெயில் நாள்ல போகாத. ஐப்பசி கார்த்திகையில, பௌர்ணமிக்கு மறுநாள், கடல் ஏறுற நேரத்தைப் பாத்துட்டு, மழையோட போ. விக்கறவனையும் கூட்டிட்டுப் போ, நல்ல சப்பாத்துப் போட்டுக்கிட்டு வரச் சொல்லு. பக்கத்துக் கம்பத்துல வயசான மாக்சிக் கெழவி ஒருத்தி இருப்பா. அவ வீட்டுக் கால் எவ்வளவு ஒசரம்னு பாரு, ஏன் அவ்வளவு ஒசரம்னு கேளு. அவ கமிஷன் வாங்கறதில்ல. மளிகைக் கடைக்காரன் அரிசி மூட்டையை எந்தத் தட்டுல வெச்சிருக்கான்னு கவனி, அதை விட ஒரு தட்டு மேல உன் கட்டிலு இருக்கணும். தீக்காப்புறுதி எடுத்தா வெள்ளம் தானா அதுல அடங்காது, தனியாக் காசு கட்டிச் சேக்கணும். காப்புறுதிக்காரன் அந்த எடத்தைப் பேரு சொன்னதும் சிரிச்சான்னா, மேல பேச்சு வேணாம்.

இவ்வளவு தூரம் கேட்டதுக்கு ஒரு நல்ல சேதியும் சொல்றேன். தாப்பா ரோட்டுப் பக்கம் மேட்டுல ஒரு பழைய வீடு வெலைக்கு இருக்கு. பலகை வீடுதான், கூரைத் தகரம் மாத்தணும், கக்கூசு வெளிய. படத்துல போட்டுச் சிரிக்கற அளவுக்கு அழகு கெடையாது. 1967லயும் அதுல தண்ணி ஏறல, எப்பவும் ஏறல. சொந்தக்காரன் என் பங்காளி. நீ வெளியாளுக்குக் குடுக்கற கமிஷன்ல பாதி குடுத்தா மாமன் சந்தோஷமா வாங்கிக்குவேன். அட, ஏன் அப்படிப் பாக்கற? மேட்டு வீட்டை விக்கறவனும் வியாபாரிதான். அதனால என் பேச்சையும் நம்பாத. மழை நாள்ல வந்து, என் பங்காளி வீட்டுச் சுவத்துலயும் தண்ணிக் கோடு தேடிப் பாரு. கெடைக்கலன்னா பணத்தை எண்ணு.